இடுப்பில் என்ன இருக்கிறது?

காலை பத்தரை மணி. வடக்கு மாட வீதியில் ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுவரும் வேன் வந்து நின்றது. பின்கதவு திறக்கும் முன்பே முன் இருக்கையிலிருந்து காவலாளி இறங்கினார். அறுபதை நெருங்கும் வயது. தோளில் ரெட்டைக்குழல் துப்பாக்கி. அடிக்கட்டையில் பாலிஷ் போய், கை படுகிற இடம் மட்டும் எண்ணெய் பூசியதுபோல் மின்னியது. தோல்வார் அறுந்த இடத்தில் நைலான் கயிறு முடிச்சு. இடுப்புப் பட்டையில் ஐந்து சிவப்புத் தோட்டாக்கள். ஆறாவது வளையத்தில் மடித்துச் செருகிய கைக்குட்டை. பூ விற்கிற அம்மா கூடையை அரை அடி நகர்த்தி வழிவிட்டார். துப்பாக்கியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தவர் ஒரே ஒருவர்தான். பதினெட்டு ஆண்டுகளாக ஹூஸ்டனில் குடியிருப்பவர். 2024 பங்குனிப் பெருவிழாவுக்காகச் சித்தி வீட்டுக்கு வந்திருந்தவர். வந்து நான்கு நாளாகிறது, சீருடை போடாத ஓர் ஆளின் உடம்பில் துப்பாக்கியைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிறகு யோசித்துப் பார்த்து, இவரும் சீருடையில்தானே இருக்கிறார் என்று திருத்திக்கொண்டார்.

ஹூஸ்டனில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வாரக்கடைசி வாதம் ஒன்று உண்டு. வெளியே தெரிய மாட்டிக்கொள்வதா, சட்டைக்குள் மறைப்பதா? வெளியே தெரிந்தால் வம்புக்கு வருகிறவன் யோசிப்பான், அவசரத்துக்கு எடுக்கவும் எளிது என்பது ஒரு கட்சி. தெரிந்தால் முதல் குண்டு உனக்குத்தான், பின்னால் நிற்பவன் உருவிக்கொண்டும் போவான், மளிகைக் கடையில் நாலு பேர் பயந்து போலீஸைக் கூப்பிடுவார்கள் என்பது எதிர்க்கட்சி. டெக்சஸில் 2016 ஜனவரி 1 முதல் உரிமம் உள்ளவர் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு வெளிப்படையாக அணியலாம். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டம் விலக்காதவராக இருந்தால் உரிமமே வேண்டாம். கடை வாசல்களில் எண் போட்ட அறிவிப்புப் பலகைகள் தொங்கும். 30.06 என்றால் மறைத்துக் கொண்டுவராதே, 30.07 என்றால் தெரியும்படி கொண்டுவராதே. நம் ஊர்க் கோயில் வாசலில் செருப்பு, செல்போன் என்று தனித்தனியாக எழுதியிருப்பதுபோலத்தான்.

இந்த வாதத்தை மனத்தில் சுமந்துகொண்டு அவர் மயிலாப்பூரிலிருந்து அடையாறுவரை ஒரு நாள் சுற்றினார். இந்தக் கட்டுரை அந்த ஒரு நாளைப் பற்றியது.

முதல் நிறுத்தம் வீட்டுத் திண்ணையே. சித்தப்பா நாற்பது வருடம் வழக்கறிஞர் தொழில் பார்த்தவர். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் கையை அசைத்தார். “திறந்தா, மறைச்சாங்கற கேள்வியே இங்க கிடையாதுடா. மறைச்சுதான். விதியிலேயே போட்டுட்டான்.”

போட்டிருக்கிறார்கள். ஆயுதச் சட்டம் 1959-ஆம் ஆண்டினது. அதன்கீழ் இப்போது நடப்பில் உள்ளவை 2016-ஆம் ஆண்டு விதிகள். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உரிய உறையில், உடம்போடு சேர்த்தோ பையிலோதான் கொண்டுபோக வேண்டும். அது முழுதாக மூடியிருக்க வேண்டும். கொண்டுபோகிறவரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். பொது இடத்தில் எடுத்துக் காட்டி வீசுவதும் வானத்தை நோக்கிச் சுடுவதும் அறவே கூடாது. ஆக, ஹூஸ்டனில் மனிதர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கிற விஷயத்தை இங்கே அரசிதழ் ஒரு பத்தியில் முடித்துவிட்டது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் இன்னும் இறுக்கியது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. கல்யாண ஊர்வலத்தில் கொண்டாட்டமாகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டுக் கல்யாணத்தில் அதிகபட்சம் பத்தாயிரம் வாலாதான். அந்தப் பிரிவு வட மாநிலங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

எண்ணிக்கையும் அதையே சொல்கிறது. 2016 இறுதியில் நாடு முழுக்க 33 லட்சத்து 69 ஆயிரம் உரிமங்கள். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டில் சுமார் 22,500. ஹூஸ்டன்காரர் வைத்திருக்கிற 9 மி.மீ. கைத்துப்பாக்கி இங்கே சாதாரணக் குடிமக்களுக்குக் கிடைக்காது. அந்த அளவு தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. .32 ரிவால்வர்தான் கதி. அதற்கும் வேப்பேரியில் இருக்கும் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு மனுப்போட்டு, உயிருக்கு என்ன அச்சுறுத்தல் என்று எழுதிக் காட்டி, காவல் நிலைய விசாரணை முடிந்து, பயிற்சிச் சான்றும் வாங்க வேண்டும்.

“கிடைச்சாலும் எங்க மாட்டிப்பே?” என்று சித்தப்பா தன் வேட்டியைத் தொட்டுக் காட்டினார். நியாயமான கேள்வி. மயிலாப்பூர் ஆண்பிள்ளையின் மடி ஒரு காலத்தில் வெற்றிலைச் சுருளையும் பொடி டப்பாவையும் பத்து ரூபாய் நோட்டையும் தாங்கியது. எழுநூறு கிராம் இரும்பை அது தாங்காது. சட்டையை வெளியே விட்டு மறைக்கலாம் என்றால் சித்திரை நெருங்குகிற புழுக்கத்தில் துணி முதுகோடு ஒட்டி, உள்ளே இருப்பதை அச்சு எடுத்துக் காட்டிவிடும்.

ஆயுதச் சட்டத்தோடு மயிலாப்பூருக்குப் பழைய பகை உண்டு. 1878-இல் வைசிராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் கேட்டது. ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தது. 1884 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபை மாநாட்டுக்கு வந்தவர்களில் பதினேழு பேர் மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் கூடிப் பேசியதில்தான் காங்கிரஸ் என்ற எண்ணம் முளைத்தது என்று இந்தப் பேட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் காங்கிரஸ் 1887-இல் ஆயிரம் விளக்குப் பக்கம் மாக்கிஸ் தோட்டத்தில் பந்தல் போட்டுக் கூடியபோது, பத்ருதீன் தியாப்ஜி தலைமையில், ஆயுதச் சட்டத்தைத் தளர்த்தக் கோரியது. இளைஞர் விபின் சந்திர பால் அந்த மேடையில் பேசினார். அவர் பேசிய பொருளும் இதுதான். 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைப் பட்டியலில்கூட ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. சுதந்திரம் வந்த பிறகு அந்த வரி அரசியலமைப்புக்குள் நுழையவில்லை. உரிமம் தருகிற மேசை மட்டும் நின்றது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் மாறினார்.

கச்சேரி ரோட்டில் மயிலாப்பூர் காவல் நிலையத்தைத் தாண்டும்போது சித்தப்பா இன்னொன்று சொன்னார். அது தேர்தல் நேரம். மார்ச் 16-இல் மக்களவைத் தேர்தல் அட்டவணை வந்திருந்தது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும், உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வங்கிக் காவலாளிகளுக்கு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்று சொல்லி வாங்கிய துப்பாக்கி, ஊரே கொதித்துக் கிடக்கிற இரண்டு மாதம் பீரோவில் தூங்கும். ஹூஸ்டன்காரருக்கு இது வேடிக்கையாக இருந்தது. சித்தப்பாவுக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

அந்த ஆண்டு ஜூலை 5 அன்று நடந்தது ஹூஸ்டன்காரருக்கு அமெரிக்கா திரும்பிய பிறகு கைபேசியில் வந்து சேர்ந்தது. பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கைப் பெரம்பூரில், கட்டிக்கொண்டிருந்த அவர் வீட்டருகே, உணவு கொண்டுவரும் ஊழியர்போல் உடையணிந்து வந்தவர்கள் வெட்டிக் கொன்றார்கள். அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. தேர்தலுக்காக ஒப்படைத்ததை ஜூனில் திரும்பப் பெற்றுமிருந்தார். தெருவில் தினமும் பார்க்கிற சட்டையும் பையுமாக வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அன்று அவர் ஏறிய ஆட்டோ ராயப்பேட்டை அரசு மருத்துவமனை வாசலில் போக்குவரத்து நெரிசலில் நின்றது. 1967 ஜனவரி 12 மாலை, கழுத்தில் குண்டோடு எம்.ஜி.ஆரை முதலில் கொண்டுவந்த இடம் இது. ராமாவரம் வீட்டுக்கு ஒரு படத் தயாரிப்பாளரோடு வந்த நடிகர் எம்.ஆர்.ராதா பேசிக்கொண்டிருந்தார், பேச்சு நடுவில் துப்பாக்கி வெளியே வந்தது. எம்.ஜி.ஆரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். படுத்திருந்த படம் சுவரொட்டியாகி, பரங்கிமலைத் தொகுதியில் அவரைப் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. குரல் மட்டும் பழையபடி திரும்பவே இல்லை. ஆட்டோ ஓட்டுநருக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். ஆனாலும் தான் நேரில் பார்த்த மாதிரிச் சொன்னார். “வீட்டுக்கு வந்த விருந்தாளி சார். விருந்தாளியைத் தடவிப் பார்ப்பாங்களா?”

பாண்டி பஜாரில் இன்று அகலமான நடைபாதை, உட்காரப் பெஞ்சு, குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான். 2019 நவம்பரில் திறந்த அந்த நடைபாதையில் பேப்பர் ரோஸ்ட் வாசனையும் பிளாஸ்டிக் வளையல் வியாபாரமும் கலந்து கிடக்கின்றன. 1982 மே 19 இரவு இதே சாலையில் இரண்டு இலங்கைத் தமிழர் கோஷ்டிகள் எதிரெதிரே வந்தன. ஒரு பக்கம் பிரபாகரனும் ராகவனும். மறுபக்கம் உமா மகேஸ்வரனும் அவரோடு வந்தவரும். இரண்டு ஆண்டுக்கு முன்புவரை ஒரே இயக்கத்தில் இருந்தவர்கள். பார்த்த மாத்திரத்தில் மறைவிலிருந்த துப்பாக்கிகள் வெளியே வந்தன. உமா மகேஸ்வரனுடன் வந்தவர் காயமடைந்தார். பிரபாகரனும் ராகவனும் அங்கேயே பிடிபட்டார்கள். தப்பிய உமா மகேஸ்வரன் சில நாளில் கும்மிடிப்பூண்டியில் அகப்பட்டார். ஒப்படையுங்கள் என்று கொழும்பு கேட்டது, சென்னை கொடுக்கவில்லை. ஆகஸ்டில் நிபந்தனை ஜாமீன், பிரபாகரனுக்கு மதுரை வாசம்.

அன்றிரவு சேலை வாங்க வந்திருந்தவர்களுக்கு அந்த நால்வரும் சாதாரண இளைஞர்கள். பேன்ட், சட்டை, நடுத்தர உயரம். மறைத்து வைப்பது நாகரிகம், பிறரைப் பயமுறுத்தாது என்று ஹூஸ்டன் வாதத்தில் ஒரு கட்சி சொல்கிறதே, அந்தக் கட்சிக்குப் பாண்டி பஜார் நல்ல சாட்சி ஆகாது. வெளிப்படையாக வைத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், நான்கே ஆண்டில் அதற்கும் பதில் வந்தது. எண்பதுகளின் நடுவில் அடையாறு இந்திரா நகரிலும் பிற பேட்டைகளிலும் இயக்கங்களின் அலுவலகங்கள் இருந்தன. ஆயுதம் இருப்பது ஊரறிந்த ரகசியம். 1986 நவம்பர் 1, தீபாவளியன்று சூளைமேட்டில் ஒரு போராளிக் குழுவுக்கும் தெருக்காரர்களுக்கும் தகராறு. துப்பாக்கி வெடித்து உள்ளூர்க்காரர் ஒருவர் இறந்தார். ஒரே வாரத்தில், நவம்பர் 8 அன்று, தமிழ்நாடு முழுக்கக் காவல்துறை புகுந்து ஆயுதங்களை அள்ளியது. தகவல்தொடர்புக் கருவிகளையும் எடுத்துக்கொண்டதால் பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்து அவற்றைத் திரும்பப் பெற்றார். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்த சென்னை, பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே நிஜச் சத்தம் கேட்ட பிறகுதான் விழித்தது.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு உடன்பிறப்பு உண்டு. எம்.ஜி.ஆர். சுடப்பட்ட அதே 1967-இல், மே 2 அன்று, பிளாக் பாந்தர் கட்சியினர் துப்பாக்கிகளைத் தெரியப் பிடித்துக்கொண்டு சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் நடந்தார்கள். சட்டப்படி அது அப்போது குற்றமில்லை. சில மாதத்தில், தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுபோவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். யார் கையில் தெரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் பல சட்டங்கள் பிறக்கின்றன.

தி.நகர் ஜி.என்.செட்டி சாலை குருத்துவாராவில் கதை வேறு மாதிரி. இங்கே தலையை மூடிக்கொண்டு உள்ளே போனால், தோள்பட்டை வாரில் கிர்பான் தொங்கவிட்டவர்களைப் பார்க்கலாம். சிலர் சட்டைக்கு மேல், சிலர் உள்ளே. கிர்பான் அணிவது சீக்கிய சமயத்தைக் கடைப்பிடிப்பதில் அடங்கும் என்று அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவே விளக்கம் சொல்கிறது. மேலே போடுவதா, உள்ளே போடுவதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்கிறார்கள். உள்நாட்டு விமானத்தில் மொத்த நீளம் 22.86 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது. கனடாவில் ஒரு பள்ளி மாணவன் வழக்குப் போட, உடைக்குள் உறையிட்டுத் தைத்து வைத்திருந்தால் பள்ளிக்கு அணிந்துவரலாம் என்று 2006-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடத்தில் பருப்பு பரிமாறிக்கொண்டிருந்த பெரியவரின் கிர்பான் குனியும்போதெல்லாம் முன்னால் வந்து விழ, அவர் அதை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே கரண்டியைப் பிடித்திருந்தார். ஆயுதம் என்ற நினைப்பே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொள்கிற மாதிரிதான் அதையும் செய்தார்.

குடகிலும் இப்படி ஒரு விலக்கு உண்டு. கொடவர்கள் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கலாம். பிரிட்டிஷார் காலத்து ஏற்பாடு, இப்போது 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். அறுவடைத் திருநாளான புத்தரிக்கு வானத்தில் சுடுவார்கள். மறுபக்கம் பஞ்சாப். பாடகர் சித்து மூசேவாலா 2022 மே 29-இல் கொல்லப்பட்ட பிறகு, அந்த நவம்பரில், பொதுவெளியிலும் சமூக ஊடகத்திலும் துப்பாக்கியைக் காட்டிக்கொள்வதற்கே தடை வந்தது. தமிழ்நாட்டில் தோளில் நாட்டுத் துப்பாக்கியோடு நடந்துபோகும் நரிக்குறவர்களைப் பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும். இன்று திருவான்மியூர் பேருந்து நிலையப் பக்கம் அவர்கள் தோளில் பாசிமணிச் சரம்தான் தொங்குகிறது.

மறைத்தே கொண்டுபோ என்ற விதிக்கு ஏற்ற சரக்கை அரசாங்கமே ஒரு முறை செய்து பார்த்தது. டெல்லிப் பேருந்துப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில், கான்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்காக வெளியிட்டது. எடை அரை கிலோ, கைப்பைக்குள் அடங்கும். விலை 1,22,360 ரூபாய். கருஞ்சிவப்பு நிற நகைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். துப்பாக்கியை நகைப்பெட்டியில் வைக்கத் தோன்றிய அந்த மேலாளரை நேரில் பார்க்க முடிந்தால் நன்றாக இருக்கும். சித்தியிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே: “அந்த ரூபாய்க்கு ரெண்டு வளையல் வராதோ?” அன்றைய விலைக்கு நான்கு சவரனுக்கு மேலேயே வந்திருக்கும்.

அப்போதுதான் ஹூஸ்டன்காரருக்குப் புரிந்தது, தெரியும்படியா மறைத்தா என்ற வாதம் மயிலாப்பூரிலும் தினமும் நடக்கிறது. பேசுபொருள்தான் வேறு. விசேஷத்துக்குப் போகும்போது கழுத்துச் செயின் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் போட்டுக்கொண்டு போவதே வீண். தெரிந்தால் பைக்கில் வருகிறவன் கண்ணிலும் படும். விடியற்காலைக் கோலம் போடும்போது தாலிக்கொடியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொள்வது, கோயிலில் நுழைந்ததும் வெளியே எடுத்துவிடுவது, திரும்பும்போது மறுபடி உள்ளே. எதிரி யார், எங்கே நிற்பான், எந்தப் பக்கத்திலிருந்து இழுப்பான் என்பதெல்லாம் இந்தத் தெருப் பெண்களுக்கு அத்துப்படி. தற்காப்பு என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அன்று அறுபத்துமூவர் ஊர்வலம். மாலை நான்கு மணிக்கு மாட வீதிகளில் எள் போட்டால் எள் விழாது. நீர்மோர்ப் பந்தல், பானகப் பந்தல், விசிறி கொடுக்கிறவர்கள், பொம்மை பலூன். ஒலிபெருக்கியில் பெண் காவலர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: நகையை மூடிக்கொள்ளுங்கள், சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். கூட்டத்தைத் தள்ளிய போலீஸ்காரர்கள் கையில் லத்திதான்.

சிங்காரவேலர் மயில்மேல் வந்தார். ஆறு முகம், பன்னிரண்டு கை. மறைவு என்பதே கிடையாது. பின்னால் சப்பரங்களில் நாயன்மார்கள், நான்கு நான்கு பேராக, கீழே பெயர்ப் பலகையோடு. எறிபத்த நாயனாரை மழுவை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். அடியாரின் பூக்கூடையைச் சிதறடித்த பட்டத்து யானையையும் பாகர்களையும் பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்தவர். கொஞ்சம் தள்ளி மெய்ப்பொருள் நாயனார். பெரியபுராணம் படித்தவர்களுக்கு அவர் கதை தெரியும். போரில் தோற்ற முத்தநாதன் திருநீறு பூசி அடியார் வேடத்தில் வந்தான். ஏட்டுச் சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து வைத்திருந்தான். சந்தேகப்பட்டவன் வாசலில் நின்ற தத்தன் ஒருவன்தான். குத்துப்பட்டு விழுந்தபோதும் அரசர் தத்தனின் வாளைத் தடுத்து, கொலைகாரனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிவிடச் சொன்னார். இரண்டு பேரையும் ஒரே ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு வருகிறது மயிலாப்பூர். கூட்டம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கன்னத்தில் போட்டுக்கொள்கிறது.

“இந்த நாயனாருக்குக் காவலுக்கு நின்னவன் கையிலே வாள் இருந்ததே சித்தப்பா?”

“இருந்ததுடா. உபயோகப்படுத்த விடலையே.”

சித்தி இதையெல்லாம் கேட்கவில்லை. தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றி, பல்லில் கடித்திருந்த ஊக்கை எடுத்து, செயினையும் ரவிக்கையையும் தலைப்பையும் சேர்த்து ஒரே குத்தாகக் குத்திக்கொண்டார். பிறகு ஹூஸ்டன் பையனைப் பார்த்தார். சட்டைப் பையில் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது ஆயிரம் டாலர் போன்.

“டேய், அதை ஊருக்கெல்லாம் காட்டிண்டு நிக்காதே. உள்ளே வை.”

இன்னொரு ஊக்கு அவரிடம் இருந்தது. பையின் வாயை மூடி அவரே குத்திவிட்டார்.